மை படாத முகம்

யுத்த காலம் அது. ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். இருமலுக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போன என் வீட்டுக்காரரை, அடையாள அட்டை கையில் இல்லையென்று பொலிஸில் பிடித்து வைத்திருப்பதாக பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். அட்டை வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். பொலிஸ் வாசலில் நின்ற பொலிஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் கையிலேயே கொடுத்துவிட்டு, பெரிய அதிகாரி வரட்டும் என்றார். சிங்களத்தில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை.

நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் சர்ச் பாதர் ஒருவர்தான். அவரிடம் போனேன்.

"நீங்க இங்கேயே உக்காருங்கம்மா. நான் போய்ப் பேசிட்டு வர்றேன்," என்று அட்டையை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

அவர் அறைச் சுவரில் கறுப்பு மையில் அச்சடித்த பழைய படமொன்று தொங்கியது. இயேசுவுக்கு முள்முடி வைத்து, கைகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் சிப்பாய்கள். அந்தக் கயிற்றைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன். மழை பிடித்துக்கொண்டதால் திரும்பி வந்தேன்.

அந்தப் படத்தைத் தவிரப் பார்க்க வேறு எதுவும் இல்லை. ஒரு சிப்பாய் தீப்பந்தம் பிடித்திருந்தான். அந்த வெளிச்சம் பக்கத்தில் நின்றவர்களின் முதுகில் மட்டும்தான் பட்டது. ஆனால் படத்தில் பளிச்சென்று தெரிந்தது அடிபட்டவரின் முகமும் கட்டிய கைகளும். வேறு விளக்கு, ஜன்னல் ஏதாவது இருக்கிறதா என்று மூலைமூலையாகத் தேடினேன். தேடிக்கொண்டிருந்த வரை அழுகை வரவில்லை.

பாதருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டு வந்தார்.

"அடிச்சாங்களா?"

"இல்ல. பேரையே திரும்பத் திரும்பக் கேட்டாங்க."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது பாதரிடம் கேட்டேன். "அந்த மொகத்துக்கு வெளிச்சம் எங்கேருந்துங்க வருது?"

"வெளியிலேருந்து இல்லம்மா, அவர்கிட்டேருந்துதான். அதச் சொல்லத்தான் அப்படிச் செஞ்சிருக்காங்க. இது செப்புத் தகட்டுல கீறி அச்சடிச்ச படம். கீறின எடத்துலதான் மை நிக்கும். மொகத்துல அதிகமா கீறல. அங்க தெரியிறது வெறும் காகிதம்."

நான் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். கன்னத்தில் மையே இல்லை.

என் வீட்டுக்காரரும் வந்து பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். "பந்தம் புடிச்சவனுக்குக் கை வலிச்சிருக்கும்," என்றார்.

பாதர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பஸ் ஏறிய பிறகுதான் பசி தெரிந்தது. வழியில் பெல்மதுளையில் பஸ் நின்றபோது அவர் இறங்கி ஓடிப்போய் பணிஸ் ரொட்டி வாங்கி வந்தார். இருவரும் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம்.