பதினொரு தென்னைகள்

பெட்டியில் தொண்ணூற்றாறு துண்டுகள் இருக்க வேண்டும். தொண்ணூற்றிரண்டு இருந்தன. மேசையை வெறுமையாக்கிவிட்டு, படத்தைப் பொருத்தியபடியே மறுபடியும் எண்ணினேன். தொண்ணூற்றிரண்டுதான்.

நான் படவரைஞனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாவியில் வந்து இறங்கும் பறவைகளைப் படமெடுப்பது வெகுகாலப் பழக்கம். சண்டைக்காலத்தில் கமராவோடு கரையில் நின்றால் யாருக்காவது பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் என் வளவின் பின்வேலிக்கு உள்ளே நின்றே எடுத்தேன். எதிரே கல்லடிப் பக்கத்துச் சேற்றுத்திடலும் அதற்குப் பின்னால் தென்னைகளும் தெரியும். சண்டை முடிந்த பிறகுதான் அந்தப் படங்களைப் பெரிதாக்கினேன். பலகையில் ஒட்டி, மெல்லிய வாளால் துண்டுதுண்டாக அறுத்து, கல்லடியில் ஒரு பாலர் பாடசாலைக்குக் கொடுத்தேன். பிள்ளைகள் துண்டுகளைப் பொருத்திப் பறவையை மறுபடி உண்டாக்குவார்கள். படத்தின் மேல் கோடு போட எனக்கு மனம் வராது. பின்பக்கத்தில் பென்சிலால் கீறி, அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே அறுப்பேன். வாள் படத்தில் எதன் ஊடாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் போய்த் துண்டுகளை எண்ணிவிட்டு வருவேன். அங்கே படிப்பிக்கும் பெண்ணுக்கு அது சிரிப்பு.

“எண்ணாட்டி ஐயாக்கு மத்தியானச் சோறு செமிக்காது,” என்றாள். “நாலு துண்டுதானே. ஆரும் பொக்கற்றுக்குள்ள வச்சிருக்கும்.”

நாலு துண்டு போனால் படமே போனதுதான் என்று அவளுக்கு விளக்கினேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசாரிக்கும்படியும் சொன்னேன். அப்போது குசினியிலிருந்து கஞ்சி காய்ச்சும் பெண் வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. சுனாமி அவளுடைய வீட்டையும் மூத்த மகனையும் கொண்டுபோனது. மகனின் உடல் கிடைக்கவில்லை. அவனுடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்று பாடசாலையில் எல்லாருக்கும் தெரியும்.

“பிள்ளையள ஏசாதீங்க ஐயா. நான்தான் எடுத்த.”

சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து நாலு துண்டுகளையும் மேசையில் இருந்த படத்தோடு தானே பொருத்தினாள். படத்தின் இடது மூலை அது. ஒரு தோணி. தோணியில் மூன்று பேர். பின்னால் ஒற்றை முழங்காலை உயர்த்தி வைத்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பியபடி ஒரு பொடியன் இருந்தான்.

“என்ட மகன்,” என்றாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அந்தப் படத்தில் அறுபத்திமூன்று கூழைக்கடாக்கள் இருப்பது எனக்குத் தெரியும். எடுத்த அன்றே எண்ணியிருந்தேன். தோணியில் ஆட்கள் இருந்ததை இப்போதுதான் கண்டேன்.

“எப்ப எடுத்த படம் ஐயா? சுனாமிக்கு முந்தித்தானே?”

முந்தித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். எனக்கும் வாய்வரை அதுதான் வந்தது. ஆனால் என் விரல் பழக்கப்படி தென்னைகளின் மேல் போய்விட்டது. அலைக்கு முன் அந்தக் கரையில் பதினேழு தென்னைகள் நின்றன. அலை ஆறைச் சாய்த்தது. படத்தில் பதினொன்று. திரும்பவும் எண்ணினேன். பதினொன்று. திடலின் ஓரத்தில் வேரோடு கிடந்த ஒன்றும் தெரிந்தது.

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பிக்கும் பெண் பிள்ளைகளை மெல்ல வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

“சொல்லுங்க ஐயா.”

“பிந்தி,” என்றேன். “கூழைக்கடா அந்தமுறை சுணங்கித்தான் வந்தது. அலைக்குப் பிறகு ரெண்டு மூணு மாசம் இருக்கும்.”

அவள் அழவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முப்பத்தொண்டாம் நாள் காரியமும் செய்து முடிச்சிட்டனே,” என்றாள். “உசிரோட இருந்தவனுக்கு.”

ஏன் வீட்டுக்கு வரவில்லை, மற்ற இருவரும் யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. அந்த நாட்களில் இந்தப் பக்கத்துப் பொடியன்கள் தோணியேறினால் இயக்கத்துக்குத்தான் போனார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அலையில் போன பிள்ளைக்கு அழுது முடித்திருந்தவளை, இன்னும் தேட வேண்டிய பிள்ளையின் தாயாக்கிவிட்டு நான் நின்றேன்.

நாலு துண்டுகளையும் அவள் மறுபடி முடிந்துகொண்டாள். அவை தன்னிடமே இருக்கட்டும் என்றாள். அந்தப் பெட்டியை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

இரவு மின்குமிழ் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தேன். முன்னால் இருந்த இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தோணி வலிக்கும் சவள்கள் இரண்டு. நடுவில் சாக்கால் மூடிய ஏதோ ஒன்று. அதற்கு மேல் படம் எதையும் சொல்லவில்லை. பழைய பிலிம்கள் எல்லாவற்றையும் எடுத்து, பறவைகளை விட்டுவிட்டு, ஆட்களை எண்ணத் தொடங்கினேன். விடியும் மட்டும் முடியவில்லை.

சுனாமி நினைவுநாளில் கல்லடிக் கடற்கரையில் இறந்தவர்களுக்குக் குடும்பம் குடும்பமாக விளக்கேற்றுவார்கள். அவளுடைய விளக்கு வழக்கமாக உடைந்த மதிலடியில் இருக்கும். அந்த வருடம் விளக்குகளை எண்ணிக்கொண்டு அங்கே வந்தேன். மணல்தான் இருந்தது. அவள் சற்றுத் தள்ளி, கடலுக்கு முதுகைக் காட்டி, வாவிப் பக்கம் பார்த்தபடி நின்றாள். கையில் சேலைத் தலைப்பின் முடிச்சு இருந்தது.