துரைசானியின் தொட்டில்

தாமல் போகிற வழியில் இருந்த துரை பங்களாவுக்குச் சுண்ணாம்படித்து, கூரை மாற்றி, அருங்காட்சியகமாகத் திறந்தபோது எனக்கு அங்கே தூசி தட்டுகிற வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. இதுவாவது தங்க வேண்டுமே என்று வரதர் கோயில் முதல் தர்கா வரை நான் வேண்டாத இடமில்லை.

மாடியறையில் துரைசானியின் தேக்குத் தொட்டில் இருந்தது. பட்டணத்து அதிகாரி, ஆட்கள் வரும்போது அதை லேசாக ஆட்டிவிடச் சொன்னார். அப்போதுதான் அறைக்கு உயிர் வருமாம். நல்லா வந்தது உயிர்! வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளை தங்காது என்பது ஊருக்கே தெரியும். சொன்னேன், சிரித்தார். வீட்டுக்காரருக்குத் தறியில் வேலை இல்லாத காலம். ஆட்டினேன். கல்யாணப் பட்டு எடுத்த கையோடு சுற்றிப் பார்க்க வந்த பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பட்டப்பகலிலேயே பயம். நான் கையை எடுத்த பிறகும் அது நிற்காது. கீழே வந்து பெருக்கினால் தலைக்கு மேல் கிறீச், கிறீச். ஒரு மத்தியானம் மேலே ஓடிப் போய்ப் பிடித்து நிறுத்தினேன். மெத்தை நடுவில் சின்னதாய்ப் பள்ளம் விழுந்திருந்தது. எலி படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மனசு நம்பவில்லை.

எங்கள் பக்கம் பிள்ளையைத் தொட்டிலில் போடுமுன் அம்மிக் குழவியைக் கிடத்துவார்கள். தொட்டில் வெறுமையாய் ஆடக் கூடாதென்று அதைத்தான் செய்தேன். வீட்டுக் குழவியைக் கழுவி, பழம்புடவையில் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டேன். அதிகாரி பொம்மை என்று நினைத்து மெச்சிக்கொண்டார்.

குழவியைக் காணோமென்று தேடிய அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. துரை காலத்தில் அங்கே பாத்திரம் தேய்த்தவள் அம்மா. திறந்த பிறகு ஒருநாளும் எட்டிப் பார்க்காதவள், மறுநாள் பின்வாசல் வழியாக வந்து நின்றாள்.

தொட்டிலைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். துரைசானிக்குப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்ததாம். அப்புறமும் அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாளாம். கை ஓய்ந்தால் அம்மாவை ஆட்டச் சொல்வாளாம்.

"அப்ப உங்க அண்ணன் என் வயித்துல இருந்தான். ஆட்டிக்கினேதான் இருந்தேன்."

எனக்கு முன்னே ஒருவன் இருந்தானென்று அன்றுவரை யாரும் சொன்னதில்லை. நான்தான் தலைச்சன் என்று நினைத்திருந்தேன். அம்மா துணியை விலக்கிக் குழவியைத் தடவினாள்.

"அன்னைக்கு எனக்கு இது தோணலியேம்மா."

மாசியில் எனக்குப் பையன் பிறந்தான், குறையில்லாமல். தொட்டிலில் போடுகிற நாள் வந்ததும், பங்களாவிலிருந்து குழவியை எடுத்து வரக் கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்துக்கொண்டாள்.

"வேற கல்லு வாங்கிக்கலாம்மா. அது அங்கியே கெடக்கட்டும். எடுத்தா உங்க அண்ணன் அழுவான்."