சிவப்பு அம்பு

வேலூருக்குச் செக்கப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் முத்துமாரி அக்காவின் கட்டைவிரல் வேலையை ஆரம்பித்துவிடும். முதலில் கழுத்தெலும்பு, பிறகு இடது அக்குள், மறுபடியும் கழுத்தெலும்பு. துணைக்குப் பக்கத்தில் உட்காரும் எனக்குத்தான் எரிச்சல். "கையைக் கீழ வைங்கக்கா" என்பேன். "தோல தடவியே பழகின கை. சும்மா இருன்னா இருக்குமா?" என்பார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. ஷூவின் மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்க்க வேண்டும். கீறலோ தளர்வோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில் குட்டியாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பு விழுந்த பீஸ் ரிஜெக்ட். சாயங்காலம் வீடு திரும்பும்போது அக்காவின் விரலிலும் முந்தானையிலும் இரண்டு மூன்று அம்புகள் ஒட்டியிருக்கும். எங்கள் தெருவுக்குக் கேலி பேச அது போதும். மார்பில் கட்டி வந்து ஒரு பக்கத்தை எடுத்த பிறகு யாரும் கேலி பேசுவதில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

வேலூரில் சிகிச்சை முடிந்த அன்று டாக்டரம்மா ஒரு கணக்குச் சொன்னார். இந்த நிலையில் வந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். அக்காவுக்கு அதைக் கம்பெனிக் கணக்காகத்தான் கேட்கத் தெரிந்தது. நூறு ஜோடி கொண்ட ஒரு லாட்டில் முப்பது ரிஜெக்ட் என்றால், அந்த முப்பதும் முன்னாலேயே வந்துவிட்டால் மிச்சமெல்லாம் நல்ல சரக்கு. "கெட்டது கழிஞ்சிட்டா அடியில இருக்கறது பாஸ்தானே" என்று தைரியமாகச் சொன்னார். கூடவே மருந்து ஏற்றிக்கொண்ட பெண்களில் யாராவது போய்விட்டதாகச் செய்தி வந்தால் அன்று முழுக்க அழுவார். மறுநாள் கொஞ்சம் தெம்பாக வேலைக்குக் கிளம்புவார். அது ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

போன மாதச் செக்கப்புக்கும் நான்தான் துணைக்குப் போனேன். பாதி வழி, பள்ளிகொண்டா தாண்டியும் கட்டி தேடுகிற அந்தக் கட்டைவிரல் மடியிலேயே கிடந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"புஷ்ராவுக்குத் திரும்பிடுச்சாம். எலும்புல" என்றார். பேரணாம்பட்டு புஷ்ரா பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டவள். அக்காவை விடச் சின்னவள், ஆனால் தோஸ்த்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கேட்ட ஒடனே இன்னா நெனச்சேன் தெரியுமா? ஒன்னு கழிஞ்சிதுன்னு நெனச்சேன். நான்லாம் ஒரு மனுஷியா?" என்றார்.

ஸ்கேன் நல்லபடியாக இருந்தது. அக்கா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தன் லாட்டுக் கணக்கை டாக்டரம்மாவிடம் அப்படியே கொட்டினார்.

"அது ஷூவுக்குச் சரிம்மா. இந்த எழுபது, ஆயிரக்கணக்கான பேரைப் பல வருஷம் பார்த்து எடுத்தது. உங்க ஒருத்தருக்கு என்ன ஆகும்னு அது சொல்லாது. இன்னொருத்தருக்குத் திரும்பினா உங்களுக்குக் கம்மியும் ஆகாது, ஜாஸ்தியும் ஆகாது. உங்களுக்கு முதல் ரெண்டு மூணு வருஷம் பயம் அதிகம், போகப் போகக் குறையும். திரும்பவே திரும்பாதுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

அக்கா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ புஷ்ராவுக்கு ஒரு கணக்கும் இல்லாம சும்மாதான் வந்துச்சா" என்றார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்கு வேலை விட்டதும் இருவரும் நேரே பேரணாம்பட்டு பஸ் ஏறினோம். புஷ்ரா சுவர்ப்பக்கம் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "வாக்கா. கம்பெனி வாசனையோடயே வந்துட்டியா?" குரல் மட்டும் பழைய குரல்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஸ்கேன் பாத்து உனக்கு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள் புஷ்ரா.

"நல்லாருக்குன்னாங்க." திருடி மாட்டிக்கொண்டவர் போல அக்கா சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் புஷ்ரா. மனசாரத்தான் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். "நீயாவது நல்லாருக்கியே." பிறகு களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிளம்ப எழுந்தபோதுதான் அக்கா பார்த்தார். அவர் இத்தனை நேரம் பிடித்திருந்த இடத்தில், புஷ்ராவின் சட்டைக் கையில், ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. குனிந்து, அவள் விழித்துவிடாதபடி நகத்தால் மெல்ல உரித்தெடுத்தார். கீழே போடவில்லை. தன் கழுத்தெலும்புக்குக் கீழே, விரல் எப்போதும் தேடுகிற அதே இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.