லாரிப் பட்டையில் அடித்த கத்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் மலையேறக் கிளம்பினார். ஷூ போட்டார். லேஸ் கட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூஜை அறைக்குள் போனார். திரும்பி வந்தவர் உட்கார்ந்து, லேஸை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்குப் போகலை. காபி இருந்தா கொடு."

முகம் வெளுத்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தம் சமையலறையில் நின்ற எனக்கும் கேட்டிருந்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அவருக்கு பேங்க்கில் வேலை. நாற்பது தாண்டியதும் சுகர் வந்தது. "நல்லா நடங்க" என்றார் டாக்டர். புனேயில் நாங்கள் இருக்கும் ஹடப்சரில் பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவில் எங்கே நடப்பது? கூட வேலை பார்க்கும் ஜோஷிதான் வழி சொன்னார்: "அரே மணி, என்னோட மலைக்கு வா!" புனேயைச் சுற்றிக் கோட்டை கோட்டையாக மலைதானே... மாதம் ஒரு ஞாயிறு என்று ஆரம்பித்தது, பைத்தியமாகவே ஆகிவிட்டது.

பைத்தியம் முற்றினால் சாமான் கேட்கும் இல்லையா? முதலில் டார்ச். அப்புறம் கயிறு. அப்புறம் கத்தி.

"வீட்ல இருக்கறத எடுத்துட்டுப் போங்களேன்."

"அது வெண்டைக்காய்க் கத்திடி! மலையில முள்ளு வெட்டணும், விறகு பொளக்கணும்."

கடையில் பளபளவென்று மடக்குக் கத்தி காட்டினார்கள். ஜோஷி வேண்டாம் என்றுவிட்டார். மடங்குகிற இடத்தில் திருகு ஆடிப்போனால் விரல் போய்விடுமாம். மடங்காத கத்தியாக, கையால் அடித்ததாக இருக்க வேண்டும். இரும்பு கைப்பிடிக்குள்ளும் கடைசிவரை ஓடியிருக்க வேண்டும் — அதுதான் மலைக்கு ஆகுமாம்.

சாஸ்வட் ரோடு ஓரமாகக் ஊர் ஊராகப் போகும் கொல்லர் குடும்பம் ஒன்று வண்டியை அவிழ்த்துப்போட்டு உலை மூட்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் போகலாம் என்றார் இவர். சனிக்கிழமை யாராவது இரும்பு வாங்குவார்களா? ஒரே பிடியாக நின்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் போனோம்.

புருஷன் இடுக்கியைப் பிடிக்க, பெண்சாதி சம்மட்டி போடுகிறாள். சாக்கின் மேல் மூன்று கத்திகள். ஒன்று மெலிசு. ஒன்று தூக்கவே கனம். மூன்றாவது, முதுகு தடித்து, கறுத்து, அழகே இல்லாமல் கிடந்தது. இவர் எடுத்தார். கை அதை விடவே இல்லை. கொல்லர் அதை வாங்கி நகத்தால் சுண்டிக் காட்டினார். ங்ண்ண்... என்று நீளமாக ஒரு நாதம்.

"எதுல அடிச்சது?" என்று இந்தியில் கேட்டார் இவர்.

"லாரிக்கு அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டை, சாப். பாரம் தாங்கின இரும்பு. உடையாது."

என் வாய் சும்மா இருந்ததா? "எந்த லாரி?" என்று கேட்டுவிட்டேன்.

"நம்பர் பிளேட்டையும் கேளேன்" என்று இவர் சிரித்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்தாள். "மலைப்பாதையில விழுந்த வண்டி, பெஹன்ஜி. மழைக்காலம். ஒரே மூட்டம். கிளீனர் பையன் இறங்கி வண்டியோட கூடவே நடந்தானாம், பாடியைத் தட்டித் தட்டி வழி காட்டிக்கிட்டு. ஒரு தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுன்னா போ. டிரைவருக்குக் கேக்கலையோ என்னவோ..."

"அந்தப் பையன்?"

"பள்ளத்து ஓரத்துல நின்னவனே அவன்தானே. வண்டி அவனையும் சேர்த்துத் தள்ளிட்டுப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு எடுங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. கொல்லர் கத்தியைக் கையில் கொடுக்காமல் மண்ணில் வைத்தார். இவர் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தாயிற்று. நான் என்ன செய்வேன்? லாரி இரும்புதானே... வண்டிக்குச் செய்வதையே செய்தேன். சந்தனம், குங்குமம், கற்பூரம். எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்துக் கத்தியை அதன்மேல் ஏற்றினேன். பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்கும் ஒரு விளக்கு.

"அடுத்தது இன்ஷூரன்ஸா?" என்றார் இவர்.

சொல்லட்டும். தோல் உறையை இடுப்பு பெல்ட்டோடு சேர்த்து, முருகன் கோயில் கயிற்றால் ஆடாமல் அசையாமல் நானே கட்டிக்கொடுத்தேன்.

ஆடி மாத மழையில் இவரும் ஜோஷியும் ஒரு கோட்டைக்குப் போனார்கள். சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்தவர், துண்டை நீட்டினால் வாங்கவில்லை. ஈரத்தோடேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

இறங்கும்போது மூட்டம் கவிந்துவிட்டதாம். நீட்டின கை தெரியவில்லை. இவர் முன்னால், ஜோஷி பின்னால். பாதை சமமாக, நன்றாகத்தான் இருந்ததாம். திடீரென்று இடுப்பில் — டக். தகரத்தில் உள்ளங்கையால் அடித்த மாதிரி. ஒரே ஒரு தடவை.

நின்றுவிட்டார். ஜோஷி வந்து முதுகில் முட்டினார்: "காய் ஜாலா? என்ன ஆச்சு, ஏன் நின்னே?"

இவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து முன்னால் உருட்டினார். கல் போனது. விழுந்த சத்தம் வரவே இல்லை.

இரண்டு பேரும் தவழ்ந்து தவழ்ந்து பின்னால் வந்து, இடது பக்கம் திரும்பினார்கள். அப்போது மறுபடியும் இடுப்பில்... டக், டக். காலுக்குக் கீழே கல்லில் வெட்டின படி.

"உறை லூஸா இருந்திருக்கும்" என்றார் என்னைப் பார்க்காமல்.

கயிற்றைப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இறுகியிருந்தது. அவிழ்க்கப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

ஆற்றில் போட்டுவிடச் சொன்னார்கள் தெரிந்தவர்கள். எப்படிப் போடுவது? கூடவே நடந்து வழி சொன்னவனை யாராவது தண்ணீரில் தள்ளுவார்களா? கத்தி அன்றிலிருந்து பூஜை அறையில், முருகன் படத்தின் கீழே, உறையோடு இருக்கிறது. இவர் மலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போவார், வந்ததும் அங்கேயே வைப்பார். அதற்கப்புறம் அது ஒரு சத்தமும் போட்டதில்லை.

போன ஞாயிறு வரைக்கும்.

அன்று அவர் எடுக்கக் கை நீட்டினாராம். இன்னும் தொடவில்லை. பலகை மேல் கிடந்தபடியே — டக். ஒன்று. காத்திருந்து பார்த்தாராம். இரண்டாவது வரவில்லை.

ஜோஷி போனில் கத்தினார். "வயித்துவலி, என்னை டாக்டர்கிட்ட நீதான் கூட்டிட்டுப் போகணும்" என்று இவர் வாய் கூசாமல் பொய் சொல்லி அவரையும் நிறுத்திவிட்டார். கோயிலுக்கு வந்தால்கூட வாசலிலேயே நிற்கிற மனுஷர், அன்று நான் போவதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளையின் விளக்கில் திரியைக் கிள்ளிப் போட்டு, எண்ணெய் ஊற்றினார்.

போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான், அந்தப் பிள்ளைக்கு இப்போது தினமும் ஒரு விளக்கு.