மூன்றாம் முறை சொன்னது

லூஷியஸ் டாலிவர் முப்பது வருடம் பால்டிமோரில் பஸ் ஓட்டினார். அத்தனை வருடமும் எங்கள் சபையின் பாடகர் குழுவையும் நடத்தினார். சுருதி தப்பினால் சும்மா விடமாட்டார். முன் வரிசையில் நின்ற நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

ஹார்லன் அவரோடு முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார். இரண்டு ஆண்கள் இப்படி வாழ்வதற்கு எங்கள் கறுப்பர் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு: எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். ஹார்லன் இறந்தபோது, அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளில் லூஷியஸின் பெயர் கடைசியில், ‘நெருங்கிய நண்பர்’ என்று வந்தது. ஹார்லனின் அக்கா செய்த வேலை. குடும்பத்தார் வரிசையில் லூஷியஸுக்கு இடம் தரவில்லை. நாலாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கோடையில் கெசையா வந்தாள். எங்கள் இனத்துப் பெண்தான், இருபத்தாறு வயது. ஆண்களை நேசித்த கறுப்பு ஆண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாளாம். லூஷியஸ் சம்மதித்தார். ஒளித்துச் செய்ய மனமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு பாஸ்டரிடம் போனார்.

“வெளியில நம்ம ஆம்பளைங்களை ஏற்கனவே ஆயிரம் பேசுறாங்க, பிரதர். நாமளே போய் கேமரா முன்னாடி நிக்கணுமா?” என்றார் பாஸ்டர். “அதைச் சொல்லிட்டு இங்க வந்து பாட்டு நடத்த முடியாது.”

“சரிங்க பாஸ்டர்.” பாட்டுப் புத்தகங்களை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

“பைத்தியமாய்யா உனக்கு?” என்றேன்.

“அலுப்பா இருக்கு வெர்னா. ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டா போதும்.”

படப்பிடிப்பு அவர் சமையலறையில். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

“சத்தம் கேக்குது மிஸ் வெர்னா, அடுப்பை அணைச்சிடுங்க,” என்றாள் கெசையா. பிறகு அவரைக் கேட்டாள்: “ஹார்லன் உங்களுக்கு யாரு?”

“என் நண்பர்.”

பழகிய வாய். தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கேட்டாள், மறுபடியும் அதே பதில். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அவன் என் புருஷன்,” என்றார் மூன்றாம் முறை. “படுத்த படுக்கையா கிடந்தப்ப அவனைக் குளிப்பாட்டினது நான்தான்.”

அவர் அழவில்லை. அந்தப் பெண்தான் அழுதாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலக அரங்கில் படம் போட்டார்கள். லூஷியஸ் சாம்பல் நிற சூட்டைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். திரை முழுக்க அவர் முகம். “என் நண்பர்” என்று சொல்லிக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்து மழையில் ஒரு பஸ் போனது. அவ்வளவுதான். மூன்றாம் முறை சொன்னது படத்தில் வரவே இல்லை.

அரங்கமே விசும்பியது. லூஷியஸ் என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தார்.

“சொல்ல முடியாமப் போன ஒரு தலைமுறை இது,” என்றாள் கெசையா மேடையில். பின்னாலிருந்து ஒரு இளைஞன் எழுந்தான்.

“மிஸ்டர் லூஷியஸ், கடைசி வரைக்கும் அவரைப் புருஷன்னு சொல்ல முடியலையேன்னு இப்ப வருத்தப்படுறீங்களா?”

மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். உட்கார்ந்தபடியே அதை வாயருகே பிடித்தார்.

“சொன்னேன் தம்பி,” என்றார். “அந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு. கேட்டுப் பாரு.”