வறுத்த மண்ணும் சாமி மண்ணும்

தேயிலைக் கன்று வளர்க்கிற வேலையில் கன்று வாடுவதற்கு முன்னால் கண்டாக்கு வாடிவிடுவான்; நாற்றுமேடையில் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், நாற்றுமேடை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு உத்தியோகம் எனக்கு.

மண் வறுவல்

கண்ணுக்குத் தெரியாத வேர்ப்புழு பக்கத்துத் தோட்டத்துக் கன்றுகளை அழித்துவிட்டிருந்தது. அதனால் மண்ணைத் தகரத்தில் போட்டு வறுத்த பிறகே பைகளில் நிரப்ப வேண்டும் என்று தோட்ட நிர்வாகியான எங்கள் பெரியதொரை உத்தரவு போட்டார். வறுக்காத மண் ஒரு பிடி உள்ளே வந்தாலும் வேலை போய்விடும். ஐந்து பெண்கள் வறுத்தார்கள். நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு காவல் நின்றேன்.

அந்த ஐவரில் ராக்கம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் இழுப்பு நோயில் லயத்துக் காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள்ளேயே கிடக்க, அவள் ஒருத்தியின் உழைப்பில்தான் வீட்டில் உலை கொதித்தது. வறுத்த மண்ணை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். “ஐயா, இது மண்ணு இல்லீங்க, சாம்பலு. இதுல உசுரு எங்கங்க இருக்கு?”

இரண்டு பூவாளி

மாசியில் மழை ஏமாற்றியது. ஓடை சுருங்கிச் சுருங்கி ஒரு கால்வாய் அளவுக்கு வந்தது. ஒரு பாத்திக்குக் காலையில் இரண்டு பூவாளித் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நடுப்பகலில் எல்லாப் பாத்தியிலும் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. ராக்கம்மாவின் பாத்திகள் மட்டும் விறைப்பாக நின்றன.

 மற்றவர்கள் பாத்திக்கு உரிய தண்ணீரைத் திருடி ஊற்றுகிறாள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கடிதம் எழுதி ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். பத்துச்சீட்டு கையில் வந்தால் வேலையும் போச்சு, குடியிருக்கிற காம்பராவும் போச்சு என்பது எனக்குத் தெரியாததல்ல. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெரியதொரை தமது தோட்டத்துத் தமிழில் சொன்னார்: “கண்டாக்கு, சனிக்கிழமை அவளுக்குப் பத்துச்சீட்டு. காம்பரா அன்னைக்கே காலி.”

காவல்

கையும் களவுமாகப் பிடிப்பதற்காக இரண்டு நாள் காலையில் அவள் பக்கத்திலேயே நின்றேன். பாத்திக்கு இரண்டே பூவாளிதான் ஊற்றினாள். அப்படியும் கன்றுகள் வாடவில்லை.  மற்றவர்களின் பை ஒன்றைக் கிழித்தேன். வேரை உதறியதும் மண் மாவாக உதிர்ந்தது. அவளுடைய பையைக் கிழித்தேன். மண் வேரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நடுநடுவே வறுபடாத கறுப்பு மண்.

மிரட்டிக் கேட்டதும் சொல்லிவிட்டாள். ஆறாம் நம்பர் மலையில் ஒரு கிழட்டுத் தேயிலைச் செடியின் தூரில் இருக்கிற கல்தான் எங்கள் கொழுந்துச்சாமி. அதனடியிலிருந்து ஒரு மடி மண்ணை அள்ளி வந்து, தன் குவியலில் கலந்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் திருட்டுப் பழி போகும், உத்தரவை மீறிய குற்றம் நிற்கும். காவல் நின்று கோட்டைவிட்ட எனக்கும் சீட்டு வரும். பயந்துபோய் நின்றேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். “நான் திருடலன்னு இப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. நெசத்தச் சொன்னாலும் எனக்குச் சீட்டுத்தான். எதுக்காகச் சீட்டுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கய்யா.”

பூதக்கண்ணாடி

நான் எதையும் முடிவு பண்ணவில்லை. வெள்ளிக்கிழமை, வாடும் கன்றுகளைப் பார்க்க ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அதிகாரியைப் பெரியதொரை அழைத்து வந்தார். அதிகாரி நேரே, வாடாமல் நின்ற ராக்கம்மாவின் பாத்திக்குப் போய் ஒரு பையைக் கிழித்தார். “இது என்ன மண்?” என்று தொரை என்னைக் கேட்டார். நான் குனிந்து கிழிந்த பையை ஒட்டவைக்கப் பார்த்தேன். ராக்கம்மா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, “நான்தாங்க போட்டேன்” என்றாள்.

அதிகாரி பூதக்கண்ணாடியை வேரின்மேல் பிடித்தார். புழு கட்டிய முடிச்சு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வேராகத் தேடினார். அவர் தேடி முடிப்பதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. “புழு இல்ல” என்றார் கடைசியில். “வேரோட ஒரு நல்ல பூசணம் சேர்ந்திருக்கணும். முடியைவிட மெல்லிசா நூல் விட்டு, வேர் எட்டாத சந்துல இருக்கிற தண்ணியையும் செடிக்குக் கொண்டாந்து குடுக்கும். மண்ணை வறுத்தப்போ புழுவோட அதையும் கொன்னுட்டீங்க.” தொரை என் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மெதுவாக விரித்தார். “கண்டாக்கு, தண்ணித் திருடன் பூசணம். அதுக்குப் பத்துச்சீட்டு எழுதவா?”

சனிக்கிழமை

அவளுக்குச் சீட்டு வரவில்லை; காம்பராவைக் காலி செய்ய வேண்டிய அதே நாளில், பிழைத்திருந்த கன்றுகளுக்கெல்லாம் அந்த மண்ணைப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அள்ளி வரவேண்டியவன் நான். கூடையோடு ஆறாம் நம்பர் மலை ஏறினேன். வழி காட்ட ராக்கம்மா முன்னால் நடந்தாள்.  மன்னிப்புக் கேட்க மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் இருமினேன். கல்லுக்கு முன்னால் நான் குனிந்து மண்ணில் கையை வைக்கப் போனபோதுதான் அவள் பேசினாள். “சப்பாத்தக் கழட்டுங்கய்யா. கையையும் கழுவிக்கங்க, கடுதாசி எழுதுன கையாச்சே.”

அதற்குப் பிறகு யார்மேல் புகார் எழுதினாலும் ஒரு வாரம் என் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது வழக்கமாகி, பாதிப் புகார்கள் சலவைக்குப் போய்க் கரைந்துவிட்டன.