நான் வாங்கித் தராத கேஸ் டியூப்

ஒரு வீட்டின் அடுப்பைக் கண்ணால் பார்த்த பிறகும், மேலே இருப்பவர் சொன்னபடி வேறு விதமாக எழுதினால் அது கடமையா, பொய்யா? நான்கு வருடமாக இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுச் சமையலறை இழுப்பறையில், தீப்பெட்டிகளுக்கு அடியில் நேற்று வரை ஒரு கேஸ் டியூப் கிடந்தது. நிறம் மங்கிய ஆரஞ்சு ரப்பர். நடுவில் எலி கடித்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அது எங்கள் வீட்டு டியூப் இல்லை. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கரிமூட்டம் போட்டு, கரி விற்றுப் பிழைத்த ஓர் அக்காவுடையது. இதே அளவில் புதுசு வாங்கி வரச் சொல்லி என்னிடம் கொடுத்தனுப்பினார். நான் திரும்பப் போகவே இல்லை.

அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். அரசின் பருவநிலைத் திட்டத்தில் ஒரு வேலையாக, எந்தெந்த ஊர் விறகை விட்டு கேஸுக்கு மாறியிருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்கிறோமே என்ற உறுத்தலில் சேர்ந்தேன். பயிற்சி நாளில் எங்கள் மேற்பார்வையாளர், நாடு ஒரே நாளில் சூரிய மின்சாரத்துக்குத் தாவ முடியாது, விறகும் நிலக்கரியும் இந்தக் கரை, சூரியன் அந்தக் கரை, நடுவில் கேஸ் ஒரு பாலம் என்றார். அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். முழுதாக நம்பினேன். கேஸும் பூமிக்கு அடியிலிருந்து எடுத்து எரிப்பதுதானே, பாலத்திலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்காவைக் கண்மாய் ஓரத்தில் பார்த்தேன். சீமைக் கருவேலங்கட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, தழை மூடி, ஈரமண் பூசிய மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு நீளக் கம்பு. மண்ணில் கீறல் விட்ட இடத்தையெல்லாம் வெறுங்கையால் அப்பினார். புகை வெள்ளையாக வந்தால் கட்டையில் ஈரம் இருக்கிறது, நீலம் பாய்ந்தால் கரியாகிவிட்டது, உடனே காற்றுத் துளையை அடைக்காவிட்டால் எல்லாம் சாம்பல் என்று கண்ணை எடுக்காமலே சொன்னார். கேஸ் எப்படிப் பாலமாகும் என்று நான் படித்த பாடத்தை அவரிடம் ஒப்பித்தேன். இருமிக்கொண்டே சிரித்தார்.

“பாலம்னா அந்தப் பக்கம் ஏறங்க எடம் இருக்கணும்ல தாயி? இந்த முள்ள வெட்டுனா மறு மழைக்குத் தளுத்துரும். ஒங்க கேஸு மறுபடி ஊறுமா?”

வீட்டுக்குள் சிலிண்டர் ஒரு மூலையில் இருந்தது. பழைய பட்டுச்சேலைத் துண்டு போர்த்தி, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். பக்கத்திலேயே விறகடுப்பில் உலை கொதித்தது.

“கேஸ்ல சமைக்கலையாக்கா?”

“அவுக விருந்தாளி மாதிரி. சும்மா உக்காந்திருப்பாக. மருமகன் வந்தா மட்டும் எந்திரிச்சு டீ போடுவாக. இப்ப அதுக்கும் வழியில்ல, எலி கடிச்சிருச்சு” என்று டியூபைக் கழற்றி என் பையில் திணித்தார். “டவுனுலதான இருக்க? இதே அளவுல ஒண்ணு வாங்கியாந்து குடு.”

அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். தீர்ந்துபோனால் அடுத்தது எப்போது வருமோ என்று கேஸை நல்ல நாளுக்கு எடுத்துவைத்துவிட்டு, முள் விறகில் சமைத்தார்கள். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: கேஸ், விறகு. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். “கனெக்‌ஷன் இருக்குல்லம்மா? அப்புறம் என்ன, கேஸுன்னு போடு” என்றார். வீரசோழன் ஊரிலிருந்து வரும் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் குழந்தை பசியில் அழுதுகொண்டிருக்கும். பால் கட்டி என் ரவிக்கை நனைந்திருந்தது. எல்லா வீட்டுக்கும் கேஸ் என்று டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

சில மாதங்களில் அந்த ஊர் வாசலில் ‘புகையில்லா ஊர்’ என்று பலகை வைத்தார்கள். புகையில்லா ஊரில் மூட்டம் எதற்கு என்று கண்மாயில் கரி போட அனுமதியை நிறுத்தினார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அருப்புக்கோட்டையில் அதே மேற்பார்வையாளரின் கீழ் ஒப்பந்த வேலையில் தொடர்கிறேன்.

போன வாரம் அக்கா, மூட்டம் போட மறுபடி அனுமதி கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஏ தாயி, நீயா! நல்லதாப் போச்சு. எங்க அடுப்ப நேர்ல பாத்தவ நீதான. எங்க ஊருல எல்லாரும் கேஸுலதான் பொங்கிச் சாப்புடுறோம்னு எவளோ எழுதிட்டுப் போயிட்டாளாம். மூட்டமும் போச்சு. ஊருக்குள்ள வாங்குன கேஸு தீந்ததோட சரி. அது யாருன்னு பாத்துச் சொல்லு, நான் ஒரு வார்த்த கேக்கணும்.”

“பாக்குறேன்க்கா” என்றேன். டியூபைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருந்தாரா? இரண்டில் எது எனக்கு அதிகம் வலிக்கும் என்றுகூடத் தெரியவில்லை.

வரும் திங்கட்கிழமை அந்த மனு விசாரணைக்கு வருகிறது. பழைய கணக்கு தவறு என்று கணக்கெடுத்தவரே எழுதிக் கொடுத்தால்தான் ‘புகையில்லா ஊர்’ பட்டியலிலிருந்து அந்த ஊரை எடுப்பார்கள். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பும் மனுவை விசாரிக்கும் அதிகாரியின் மேசையில்தான் இருக்கிறது. கணவரிடம் சொன்னேன். “நாலு வருசம் பேசாம இருந்துட்டு இப்ப எதுக்கு நீயாப் போயி மாட்டுற?” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் படுகிறது. அதோடு என் மகளுக்கு வீசிங். எதிர்வீட்டில் குப்பை எரித்தாலே அவளுக்கு மூச்சு இழுக்கிறது. மூட்டம் திரும்ப வந்தால் அந்த ஊர்க் குழந்தைகள் அந்தப் புகையைத்தானே சுவாசிப்பார்கள்? பிறகு தோன்றும்: மூட்டம் நின்ற பிறகும் அங்கே அடுப்புப் புகை நிற்கவில்லையே. நின்றது அக்காவின் பிழைப்பு மட்டும்தானே. புகை கெடுதல் என்பது என் நம்பிக்கை. புகையே இல்லை என்று எழுதியது என் கை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கப் பார்க்கிறேனோ?

நேற்று பஜாரில் புது டியூப் வாங்கினேன். அளவு பார்க்கப் பழையதைக் கொடுத்தபோது கடைக்காரர், “இத இன்னுமா வச்சிருக்கீங்க, தூரப் போடுங்கம்மா” என்றார். போடவில்லை. அந்த ஊரில் அன்று கேஸ் எரியவில்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஓட்டைதான். இரண்டையும் இப்போது அலுவலகப் பையில் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது, தான் போட்ட கையெழுத்தைத் தானே தவறு என்று சொல்லித் திருத்தியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சொல்லலாமா, வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அதிகாரியிடமா, உங்களை நம்பியவரிடமா?